துறைக் கதவில் ஏன் ஆமை

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துறை அறைக் கதவில் ஒட்டியிருக்கும் ஆமைப் படம் வாஸ்துவுக்காக வைத்ததல்ல. உங்களில் ஒருவர் வேலையில் சேர்ந்த அன்றே அதைப் பார்த்து முகம் சுளித்து, "ஆமை ஆகாதுன்னு சொல்லுவாங்களே சார், எடுத்துடலாமா?" என்று துறைத்தலைவர் சரவணனிடம் கேட்டாராம். அவர், "எனக்குத் தெரியும். ஆனா மேடம் சொன்னாத்தான் நல்லாருக்கும்" என்று என் பக்கம் கைகாட்டிவிட்டாராம். ஓய்வுபெற்றவர்களுக்கு வேலை கண்டுபிடித்துக் கொடுப்பதில் சரவணன் கெட்டிக்காரர்.

மேலே 'கேட்டாராம்', 'கைகாட்டிவிட்டாராம்' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நான் அங்கே இல்லை. அதனால் அப்படித்தான் எழுத வேண்டும். சொல்லின் வாலில் தொங்கும் அந்த 'ஆம்' பற்றியதுதான் ஆமையின் கதை.

காட்சித் தொடர்பியல் துறையை மாணவர்கள் விஸ்காம் என்பார்கள். பெற்றோர்கள் சினிமாப் படிப்பு என்பார்கள். எங்கள் முதல்வர் ஒருவர் 'கேமரா காணாமல் போகும் டிபார்ட்மென்ட்' என்பார். அந்தத் துறையில் 'புதிய ஊடகமும் வலையமைப்புச் சமூகமும்' என்ற கோட்பாட்டுப் பாடத்தை நான் ஆண்டுக்கணக்கில் நடத்தினேன். கேமராவைத் தொடலாம் என்று ஆசைப்பட்டு வந்த பிள்ளைகளை உட்காரவைத்து, சமூகம் என்பது இனி ஊரும் தெருவும் அல்ல, இணைப்புகள்தான் என்று சொல்ல வேண்டும். அதிகாரம் நாற்காலியில் இல்லை, யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இணைப்புகள் சந்திக்கும் இடத்தை நான் 'கணு' என்றால் கரும்பை நினைத்துக்கொண்டார்கள். 'நோட்' என்றால் பையிலிருந்து நோட்டை எடுத்தார்கள்.

தேர்வில் 'வலையமைப்பை வரைபடத்துடன் விளக்குக' என்று கேட்டால் பாதிப் பேர் மலையை வரைந்து, சுற்றிலும் எட்டு லிங்கங்களைப் புள்ளிகளாக வைத்து, கிரிவலப் பாதையைக் கோடாக இழுத்துவிடுவார்கள். 'பௌர்ணமியன்று நெட்வொர்க்கில் டிராஃபிக் ஜாஸ்தி, மற்ற நாள் கம்மி' என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு மதிப்பெண் கொடுத்தேன். கள ஆய்வு என்றால் மீதிப் பாதி ரமணாசிரமம் பகுதிக் காப்பிக் கடைகளுக்குப் போய்விடும். வலையமைப்புச் சமூகம் அங்கேதான் மடிக்கணினியை விரித்துக்கொண்டு எலுமிச்சை டீ குடிக்கிறது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

அது எங்கே குடியிருக்கிறது என்று எனக்கு விளங்கியது ஒரு மழைநாளில். அன்று நடந்த தேர்வு, நான் மேலே சொன்ன அதே பாடம்தான். இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. வேண்டுமானால் பழைய கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். விதிப்படி அதைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். வைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை.

சரவணன் அப்போது வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பாடத்தைப் பாதிவரை நடத்திவிட்டு மீதியை அவரிடம் ஒப்படைத்திருந்தேன். துறைத்தலைவர் பொறுப்போடு தேர்வு மையத்தின் பொறுப்பும் என்னிடம் இருந்தது. தேர்வு எழுதவேண்டியவர்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். அவர்களோடு கோகிலா என்ற ஒரு பழைய மாணவி.

கோகிலாவைப் பற்றிச் சொல்லிவிட்டால் அன்று எனக்கு என்ன அவசரம் என்பது உங்களுக்குப் புரியும். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். வேர்க்கடலை போடும் குடும்பம். மற்றப் பாடம் எல்லாவற்றையும் தேறிவிட்டு இந்த ஒன்றில் மட்டும் திரும்பத் திரும்பச் சறுக்கிக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனம் அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. பட்டம் கையில் வந்ததும் சேரலாம் என்றிருந்தார்கள். அந்தப் பழைய பாடத்திட்டத்துக்கு அன்று நடப்பதுதான் கடைசித் தேர்வு. அடுத்த ஆண்டு இதே பாடம் வேறு குறியீட்டு எண்ணோடு வரும். பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை எண் மாறினால் உலகமே மாறியதாகத்தான் கணக்கு. இன்னும் படித்துக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகள் தவறவிட்டால் புதிய எண்ணில் மறுபடி எழுதலாம். கோகிலாவுக்கு அந்த மறுபடி கிடையாது.

பிற்பகல் தேர்வு. காலையிலிருந்து தூறல். விடைத்தாள் கட்டுகளைச் சரிபார்த்துவிட்டு, ஒரு பிரதி எடுப்பதற்காகக் கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தேர்வு நாளில் அங்கே நிற்க இடம் இருக்காது. விஸ்காம் பிள்ளைகள் கடைசி நேரத்தில்தான் பாடத்தையே முதல்முறையாகச் சந்திப்பார்கள். அந்தச் சந்திப்பு அந்தக் கடையில்தான் நடக்கும். அன்று கடைக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மேடம், ஒங்க புள்ளைங்களுக்கு இன்னிக்கி எக்ஸாம் இல்லீங்களாமே?" என்றார்.

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க. கலெக்டர் லீவு உட்டுட்டாராம். நான் வேற பேப்பர் ரெண்டு பண்டல் வாங்கிப் போட்டேன்."

கலெக்டர் விடுமுறை அறிவித்தால் பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்குமா என்று பார்க்க வேண்டும். கல்லூரிகளுக்கும் என்றாலும் பல்கலைக்கழகத் தேர்வைத் தள்ளிவைக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்குத்தான். இந்த நடைமுறையை நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். அவர்களும் ஒவ்வோர் ஆண்டும் தலையாட்டியிருக்கிறார்கள். அன்று அறிவிக்கப்பட்ட விடுமுறை பள்ளிகளுக்கு மட்டும்.

துறைக்குத் திரும்பினேன். வழக்கமாகப் பிள்ளைகள் உட்கார்ந்து மனப்பாடம் செய்யும் வராந்தாவில் இரண்டு நாய்கள் மழைக்கு ஒதுங்கியிருந்தன. வணிகவியல் துறைப் பக்கம் நல்ல கூட்டம். அவர்கள் மழைக்கும் வதந்திக்கும் அசையாதவர்கள். எங்கள் துறையில் விடுதி மாணவர்கள் நான்கைந்து பேர் மட்டும் சோகமாக நின்றார்கள். அவர்களில் தினேஷ் என்பவன் கைப்பேசியை நீட்டினான்.

"மேடம், இத பாருங்க. க்ரூப்புல வந்திச்சி."

பார்த்தேன். 'கனமழை காரணமாக இன்றைய தேர்வு ஒத்திவைப்பு' என்று ஓர் அட்டை. மேலே சின்னம், நடுவில் வாசகம், கீழே மெல்லிய கோடு. எழுத்துரு சரி, இடைவெளி சரி, வண்ணம் கண்ணை உறுத்தவில்லை. நான் கற்றுக்கொடுத்ததுதான். மற்றத் துறைகளுக்கு வந்த அதே வதந்தி எழுத்துப்பிழையோடு வந்திருக்கிறது. அதனால் யாரும் நம்பவில்லை. எங்கள் பிள்ளைகளிடம் அது வடிவமைப்போடு வந்துவிட்டது.

"யாரு பண்ணது?"

"தெரியாம பண்ணிட்டான் மேடம். நெஜமாவே கேன்சல்னு நெனச்சித்தான் ஸ்டேட்டஸ் வெக்க ஒரு கார்டு பண்ணான். நல்லா வந்துடுச்சி, எல்லாரும் எடுத்துக்கினாங்க."

சரவணன் ஓடிவந்தார். "மேடம், நான் உடனே சுற்றறிக்கை போட்டுட்டேன். கையெழுத்து, முத்திரை எல்லாம் வெச்சி, அஃபிஷியல் க்ரூப்புல."

அதையும் பார்த்தேன். தாள் கோணலாக ஸ்கேன் ஆகியிருந்தது. ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் தெரிந்தது. உண்மை கட்டைவிரலோடு வந்திருந்தது, பொய் கச்சிதமாக வந்திருந்தது. போதாததற்கு, அந்த அஃபிஷியல் குழுவை எல்லா மாணவர்களும் சத்தம் வராதபடி அணைத்து வைத்திருந்தார்கள் என்பது தினேஷின் தலைகுனிவிலேயே தெரிந்தது. நாங்கள் மட்டுமே பேசமுடிகிற குழு அது. நாங்கள் மட்டுமே கேட்கிற குழுவும் அதுவே. பிள்ளைகள் உண்மையில் பேசிக்கொள்வது 'விஸ்காம் அன்அஃபிஷியல்' என்ற இன்னொரு குழுவில். அதன் நிர்வாகி தினேஷ்.

போன் போட்டோம். முதலில் நான் அழைத்தது வேங்கிக்காலில் இருக்கும் ஒரு பெண்ணை.

"எக்ஸாம் இருக்கு, கெளம்பி வா" என்றேன்.

"மேடம், ஒங்களுக்கு நியூஸ் வரலீங்களா?" என்றாள், மிகுந்த பரிவோடு. "கேன்சல் ஆயிடுச்சிங்க மேடம். கார்டு அனுப்பட்டுங்களா?"

தேர்வை நடத்துகிறவளிடம் தேர்வு இல்லை என்று ஆறுதல் சொன்ன அந்தப் பெண்ணை நான் இன்றும் மறக்கவில்லை. பெறுநரே செய்தியாளராகிவிடும் காலம் என்று நானே அவளுக்கு நடத்தியிருந்தேன். பாடம் நன்றாக ஏறியிருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரையும் இப்படி வாதாடி அழைத்துக்கொண்டிருந்தால் மாலைதான் வரும், மாணவர்கள் வரமாட்டார்கள்.

கோகிலாவின் எண் அணைக்கப்பட்டிருந்தது. திரும்பத் திரும்ப அணைக்கப்பட்டே இருந்தது.

பல்கலைக்கழகத்துக்குப் பேசினேன். நிலைமையை எழுத்துமூலம் அனுப்பும்படியும், குழு கூடிப் பரிசீலிக்கும் என்றும் சொன்னார்கள். நானும் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பதால் கோபிக்க முடியவில்லை. தேர்வு தொடங்கி அரை மணி நேரம் வரை தாமதமாக வருபவர்களை உள்ளே விடலாம். அதற்குமேல் யாருக்கும் கதவு திறக்காது.

சரவணன் என் காதருகே வந்து, "மேடம், வரலன்னா மூணு வருஷத்துக்கு எக்ஸாமே எழுத முடியாதுன்னு ஒண்ணு தட்டி உடுவோம். அலறிக்கினு ஓடிவருவாங்க" என்றார்.

வேலை செய்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதற்றத்தில் இருக்கும்போது பொய்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். ஆனால் அழகான ஒரு பொய்யை அவர்கள் நம்பிவிட்டார்கள் என்பதுதான் அன்றைய சிக்கல். அதன்மேல் என் பெயரில் இன்னொன்றை ஏற்றினால் அடுத்த முறை நான் எது சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

"பொய் வேணாம் சரவணன். நாளைக்கி நம்மள எவனும் நம்ப மாட்டான்."

"இன்னிக்கே நம்பலீங்களே மேடம்."

அதுவும் நியாயம்தான். அப்போதுதான் ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னது திரும்பக் காதில் விழுந்தது. 'எக்ஸாம் இல்லீங்களாமே.' 'லீவு உட்டுட்டாராம்.' தேர்வு இருக்கிறது என்று நானும் சரவணனும் காலையிலிருந்து முத்திரையோடு கத்திக்கொண்டிருக்கிறோம். இந்த ஊரில் யாரும் யாருக்கும் அப்படிச் செய்தி சொல்வதில்லையே.

"தினேஷ், ஒன் க்ரூப்புல நீ எப்பவும் எப்பிடிப் போடுவியோ அப்பிடிப் போடு. எக்ஸாம் இருக்காம்னு போடு" என்றேன்.

"இருக்குன்னு இல்லீங்களா மேடம்?"

"இல்ல. இருக்காம்."

அவன் முகம் மலர்ந்தது. அவனுக்குத் தாய்மொழியில் எழுத அனுமதி கிடைத்துவிட்டது. விரல்கள் பறந்தன. அனுப்புமுன் வாசித்துக்காட்டச் சொன்னேன்.

"டேய், எக்ஸாம் இருக்காம்டா. நம்மள தவிர எல்லா டிபார்ட்மென்ட்டும் வந்துட்டாங்களாம். எச்ஓடி கேட்லயே நிக்கிறாங்களாம். செம கடுப்புல இருக்காங்களாம்."

"எல்லா டிபார்ட்மென்ட்டும் வந்துட்டாங்களா? பாத்தியா?"

"காமர்ஸ் ஃபுல்லு மேடம். மேத்ஸ் ஃபுல்லு. ஹிஸ்டரில ஒருத்தன் கம்மி, அவனுக்கு அம்மை."

"சரி. நான் கேட்ல நிக்கலயே?"

அவன் விழித்தான். "அது... சும்மா ஒரு எஃபெக்ட்டுக்கு மேடம்."

எஃபெக்ட்டுக்காகப் பொய் சொல்லக்கூடாது. குடையை எடுத்துக்கொண்டு தூறலில் நடந்து போய்க் கல்லூரி வாசலில் நின்றேன். நின்றபின் அங்கிருந்து கையைக் காட்டினேன், அவன் அனுப்பினான். கடுப்பைப் பொறுத்தவரை ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்து நடந்ததைப் பாடப்புத்தகத்தில் 'அடுக்கடுக்கான பரவல்' என்று சொல்வார்கள். எனக்கு அது முதலில் ஒரு மோட்டார் சைக்கிளாக வந்தது. அதில் மூன்று பேர். என்னைக் கண்டதும் ஓட்டியவன் காலை ஊன்றி, "டேய், நெஜமாவே நிக்கிறாங்கடா" என்றான். பின்னால் இருந்தவன் இறங்குமுன்பே என்னைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டான். அந்தப் படம் கல்லூரி வரலாற்றில் அதிகம் பேர் பார்த்த படமாம். குடை ஒரு பக்கம் மடங்கியிருக்க, புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் யாரையோ சபிப்பதுபோல் நிற்கிறேன். கோணல்தான், ஆனால் கட்டைவிரல் இல்லை. அதற்குப் பிறகு ஷேர் ஆட்டோக்கள் வந்தன, அப்பாக்களின் வண்டிகள் வந்தன. வேங்கிக்கால் பெண் இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல், "சாரி மேடம், எனக்கு நியூஸ் லேட்டா வந்திச்சி" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மணி அடிக்கப் போகிற நேரம். கோகிலா மட்டும் வரவில்லை.

அவள் எந்தக் குழுவிலும் இல்லை. படித்து முடித்துப் போனதும் பழைய குழு கலைந்துவிட்டது. புதியதில் யாரும் சேர்க்கவில்லை. இணைப்பில் இல்லாதவர் இல்லாதவருக்குச் சமம் என்று நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு ஒரு முகம் இருந்து, அது எனக்குத் தெரிந்த முகமாகவும் இருந்தது அன்றுதான்.

தினேஷ் தேர்வறைக்குப் போகாமல் தயங்கி நின்றான்.

"மேடம், கோகிலா அக்கா கீழ்பென்னாத்தூர்ல பஸ் ஏறுவாங்க. எப்பவும் ஒரே பஸ்லதான் வருவாங்க. இன்னிக்கி மழைல அது லேட்டாம்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் நெளிந்தான். "நான் அந்த பஸ்ஸோட ஃபேன் மேடம்."

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, நம் பக்கத்துத் தனியார் பேருந்துகளுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். வண்டிக்குப் புது வண்ணம் அடித்தால் கொண்டாடுவார்கள். ஹாரன் சத்தத்தைப் பதிவுசெய்து பகிர்வார்கள். அவர்களுக்கென்று தனிக் குழு. அந்தப் பேருந்தின் நடத்துனரும் அதில் உறுப்பினர். இந்தப் பிள்ளை என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காது கூர்மையாகக் கேட்டுக்கொண்டிருந்தது என் பாடத்தை அல்ல, ஹாரனை என்பதும் அப்போது தெரிந்தது.

"அதுலயும் போடு. பொய் இல்லாம போடு."

போட்டான். 'கீழ்பென்னாத்தூர் சைடுல எங்க காலேஜ் கோகிலா அக்காவ யாராச்சும் பாத்தா சொல்லுங்க. எக்ஸாம் இருக்காம். எங்க எச்ஓடி மேடம் சொன்னாங்க.' மணி அடித்தது. கைப்பேசியோடு தேர்வறைக்குள் போகக்கூடாது என்பது விதி. அதைச் சரவணனிடம் கொடுத்துவிட்டு, "பாஸ்வேர்டு அந்த பஸ்ஸோட நம்பர்தான் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினான். சரவணனுக்கு அந்த எண் தெரியாது. தினேஷைத் தேர்வறை வாசலிலேயே நிறுத்தி, அதை வாங்கித் திறக்க வேண்டியதாயிற்று.

மீண்டும் வாசலுக்கு வந்தோம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், சரவணன் கைப்பேசியைப் பார்த்தார். குழுவில் ஹாரன் ஒலிகள் வந்தன. யாரோ ஒரு பேருந்துக்கு மாலை போட்ட படம் வந்தது. "மேடம், இவங்க உருப்படியா ஒண்ணும் போட மாட்டாங்க போல" என்றார் சரவணன். அவர் அதைச் சொல்லி முடிக்கவும், நடத்துனரின் குரல்பதிவு வரவும் சரியாக இருந்தது. பின்னால் எஞ்சின் இரைச்சல்.

"தம்பி, பொண்ணு ஏறிடுச்சி. அதாம்பா, ஃப்ரண்ட் சீட்டுல உக்காந்து படிச்சிக்கினே வருமே, அதானே? காலேஜ் வாசல்ல ஸ்டாப் இல்லன்னாலும் நிறுத்தி எறக்கி உடறேன். டிரைவராண்ட சொல்லிட்டேன்."

பேருந்து வளைவில் திரும்பும்போதே ஹாரனைக் கேட்டேன். அந்த ஹாரனுக்கு ரசிகர்கள் இருப்பதில் எனக்கு அதன்பிறகு ஆட்சேபம் இல்லை. வண்டி முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. சன்னல்தோறும் தலைகள். "ஓடும்மா, ஓடும்மா" என்று கீரைக்கூடைக்கார அம்மா ஒருவர் கத்தினார். நடத்துனர் படியில் தொங்கியபடி என்னைப் பார்த்து, "மேடம், புள்ளைய ஒப்படைச்சிட்டேன்" என்றார். கோகிலா தலை நனைந்து, பிளாஸ்டிக் உறையில் நுழைவுச்சீட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்குள்தான். நேரம் தாண்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று சரவணன் பிறகு கேட்டார். விதி எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

தேர்வு முடிந்ததும் கோகிலாவைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக்கொடுத்தேன். ராத்திரி மழையில் ஊரில் மின்சாரம் போய், போனில் சார்ஜ் இல்லை என்றாள். பேருந்து நிறுத்தத்தில் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, 'எக்ஸாம் இல்லயாம்கா' என்று சொல்லியிருக்கிறாள். இவள் ஊருக்குத் திரும்ப வேன் வருமா என்று மழைக்கு ஒதுங்கி நின்றிருக்கிறாள். அப்போதுதான் நடத்துனர் அவளைப் பார்த்து, "ஏம்மா, எக்ஸாம் இருக்காம், ஏறு" என்று கத்தியிருக்கிறார்.

"ஒருத்தி இல்லயாம்ன்றா, ஒருத்தர் இருக்காம்ன்றாரு. எத நம்பி ஏறின?" என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினேன். அது அவளுடைய வேலை, அவளுடைய பட்டம்.

"ரெண்டு பேராண்டயும் யாரு சொன்னதுன்னு கேட்டேன் மேடம். அவ எல்லாரும் சொல்றாங்கன்னா. கண்டக்டர் அண்ணன், 'தினேஷ் சொன்னான், அவனுக்கு ஒங்க எச்ஓடி சொன்னாங்களாம்'னாரு." டீயை ஊதிக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும்னா யாரப் போயி கேக்கறது? நீங்க சொன்னதுன்னா, எக்ஸாம் இல்லன்னாலும் வந்து ஒங்களாண்ட சண்டையாச்சும் போடலாம்ல?"

அந்தப் பாடத்தில் அவள் திரும்பத் திரும்பத் தோற்றிருந்தாள் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்த முறை வகுப்பு கூடியபோது மூன்றாம் ஆண்டு மாணவர்களை வைத்து அந்த வதந்தி வந்த வழியைக் கரும்பலகையில் பின்னோக்கிப் பிடித்தோம். முதலில் வேங்கிக்காலில் ஒரு வீடு. பள்ளிக்குப் போன தம்பி திரும்பி வந்திருக்கிறான். அம்மா, 'ஸ்கூலுக்கு லீவு உட்டுட்டாங்களாம்' என்றிருக்கிறார். மகள் குழுவில், 'லீவாம்' என்று போட்டாள். 'ஸ்கூல்' என்ற சொல் விழுந்துவிட்டது. அதைப் பார்த்தவன் இன்னொருவனுக்கு, 'லீவு' என்று அனுப்பினான். அவன், 'அப்ப எக்ஸாமும் லீவா?' என்று கேட்டான். கேள்விக்குறியை யாரோ தட்டச்சுசெய்யச் சோம்பினார்கள். கடைசியில் ஒருவன் அழகான அட்டை செய்தான். குற்றவாளி என்று ஒருவரும் சிக்கவில்லை. எல்லாரும் ஆளுக்கு ஒரு சின்னத் துண்டைத்தான் கீழே போட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரிய இழப்பு 'ஆம்'. நான் நேரில் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன், நீயும் விசாரித்துக்கொள் என்று இவ்வளவையும் இரண்டு எழுத்தில் சொல்லும் வசதியை நம் மொழி இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அவர்கள் மிச்சப்படுத்தியது அந்த இரண்டு எழுத்தை.

எனவே கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: 'அனுப்பும்போது ஆமை விடாதே.'

ஆம் என்பதோடு ஐ சேர்ந்தால் ஆமை. இலக்கணத்தில் பிழையே இல்லை. திரும்பிப் பார்த்தேன், வகுப்பு ஆழ்ந்த குழப்பத்தில் இருந்தது. கடைசியில் அட்டை செய்தவன் எழுந்து, "மேடம், வாட்ஸப்புல ஆமை எப்பிடி அனுப்பறது?" என்று கேட்டான்.

மறுநாள் காலையில் துறைக் கதவில் ஆமைப் படம் இருந்தது. அவன்தான் வரைந்தான். ஓடு, கோடு, நிழல் எல்லாம் சரி. கீழே அதே எழுத்துருவில் 'விடாதே' என்று இருந்தது. கிழிக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அது நான் கற்றுக்கொடுத்ததைவிட நன்றாக இருந்ததால் ஒட்டவிட்டேன். வெயிலில் அந்த 'விடாதே' இப்போது வெளிறிவிட்டது; அதனால்தான் உங்களுக்கு வெறும் ஆமையாகத் தெரிகிறது.

அதன்பிறகு துறையில் அது சட்டமாகிவிட்டது. யாராவது ஒரு செய்தியோடு உள்ளே வந்தால், "பார்த்தியா, கேட்டியா? ஆமை எங்க?" என்று கேட்போம். முதல்வரிடமே ஒருமுறை கேட்டுவிட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

தேர்வு முடிவு வந்த அன்று காலையிலிருந்து பல்கலைக்கழக இணையதளம் திறக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டினால் அது படுத்துக்கொள்ளும். அதுவும் வலையமைப்புக் கோட்பாடுதான். நான் துறை அறையில் கணினி முன்னால் உட்கார்ந்து கோகிலாவின் பதிவெண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே அந்த ஹாரன். நிறுத்தமே இல்லாத வாசலில் வண்டி நிற்கும் சத்தம். சன்னல் வழியாக எட்டிப்பார்த்தேன். நடத்துனர் படியில் தொங்கியபடி கையை வாய்க்குக் குவித்துக் கத்தினார்.

"மேடம்! நம்ம பொண்ணு பாஸாம்!"

எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். யார் சொன்னது? அவளே சொன்னாளா? நீங்கள் மதிப்பெண்ணைப் பார்த்தீர்களா? நான்தான் அந்தக் கேள்விகளைச் சட்டமாக்கியவள். ஆமை என் முதுகுக்குப் பின்னால் கதவில் இருந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

சரவணன் தலையை நிமிர்த்தி, "இன்னா மேடம் சொன்னாரு?" என்று கேட்டார்.

"கோகிலா பாஸ்" என்றேன்.

இணையதளம் சாயங்காலம்தான் திறந்தது. நான் காலையிலேயே சொன்னதை அதுவும் ஒப்புக்கொண்டது.